கட்டிப்போட்ட ஓட்டம்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நாலாவது மாடி. ஆறடிக்கு நாலடி பால்கனி. ஒரு பக்கம் வாஷிங் மெஷின், இன்னொரு பக்கம் துளசித் தொட்டி. இரண்டுக்கும் நடுவில், சங்கிலியின் முனையில், பால் வெள்ளையாக ஒரு ராஜபாளையம் நாய்.

அது சும்மா இருப்பதில்லை. சங்கிலி அனுமதிக்கிற அரை வட்டத்தில் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. கீழே ஒரு ஆட்டோ போனால் குரைக்கிறது. போகாவிட்டாலும் குரைக்கிறது. நகங்கள் வளர்ந்து, டைல்ஸ் தரையில் 'டக் டக்' என்று தாளம் போடுகின்றன. முழங்கைகளில் சிமென்ட் தரையின் உபயத்தில் காய்ப்பு. இடுப்பு இருந்த இடத்தில் இப்போது வயிறு. "சார், இது ரொம்ப முரட்டு ஜாதி சார்... யாரையும் அண்ட விடாது" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்கிறார்.

முரடு இல்லை சார், அது வேலையில்லாத் திண்டாட்டம்! அந்த நாயின் பாட்டன் முப்பாட்டன் என்ன உத்தியோகம் பார்த்தார்கள் என்று தெரிந்தால், சங்கிலியின் நீளத்தைப் பார்க்கவே நமக்குச் சங்கடமாக இருக்கும். அதற்கு நாம் கொஞ்சம் தெற்கே போக வேண்டும்.

திருவேங்கடம் என்றதும் திருப்பதிக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். இது சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருக்கிற திருவேங்கடம். ரொம்ப காலம் திருநெல்வேலி ஜில்லா. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. தென்காசி என்றால் நமக்கு உடனே குற்றாலமும் சாரலும்தான் ஞாபகம் வரும். ஆனால், மாவட்டத்தின் இந்தக் கிழக்கு மூலைக்கு அந்தச் சாரல் எட்டிப் பார்ப்பதில்லை. இது கரிசல் சீமை. கம்பு, சோளம், பருத்தி, பயறு எல்லாமே வானம் பார்த்த மானாவாரி. இந்த ஊர்க்காரர்கள் 'காட்டுக்குப் போறேன்' என்று சொன்னால் புலி இருக்கிற காட்டுக்குப் போகிறார் என்று அர்த்தமில்லை. தன் புன்செய்க்குப் போகிறார். அறுப்பு முடிந்துவிட்டால் அந்தக் 'காடு' கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. மறைவுக்கு ஒரு மரம் இருந்தால் அதிகம்.

அந்த வெட்டவெளியில் ஒரு முயல் ஓடினால் என்ன ஆகும்? மோப்பம் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகிற நாய் இங்கே உதவாது. தூரத்தில் ஓர் அசைவைக் கண்ணால் பார்த்த மறுகணமே பாய்கிற நாய் வேண்டும். கரிசல் மண் அப்படிப்பட்ட நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி எடுத்தது. திருவேங்கடத்துக்குப் பக்கத்திலேயே, மாவட்ட எல்லை தாண்டினால், விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை இருக்கிறது. ஊர் பேரே நாய்க்குப் பேர். வடமேற்கே ராஜபாளையம். அங்கேயும் அதே கதைதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கிராமங்களிலெல்லாம் 'கன்னி'. கறுப்பு உடம்பு, கால்களிலும் புருவத்திலும் செம்பழுப்புப் பொட்டு. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள்.

மூன்றும் ஒன்றல்ல. ராஜபாளையம் கொஞ்சம் கனமான ஆள். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பேர்போனது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லிப்பிச்சான் ஓட்டக்காரர்கள். ஆனாலும் மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆழமான நெஞ்சுக்கூடு, உள்ளே பெரிய இதயம், ஒட்டிய வயிறு, நீளக் கால், குட்டை ரோமம், மெல்லிய தோல். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு இரண்டு முறை நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும். ஒரு தடவை உடம்பு சுருண்டு, ஒரு தடவை வில்லாக நீண்டு. சிறுத்தை ஓடுகிற அதே பாணி!

இந்த நாய்களை வளர்த்தவர்கள் யாரும் 'எக்சர்சைஸ்' என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டதில்லை. அவசியமும் இல்லை. விடிந்தால் வண்டிக்குப் பின்னால் ஓட்டம், காட்டில் சுற்றல், அந்தி சாய்ந்தால் வீடு திரும்பல். வீட்டில் கூழோ கஞ்சியோ எது உண்டோ அதில் அதற்கும் ஒரு பங்கு. ராத்திரி திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து, நாயின் காது மடலைத் திருப்பி, விரலிடுக்கை விரித்து உண்ணி பிடுங்குகிற பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 'குரூமிங்' என்று பில் போடாத குரூமிங்!

இந்தப் பாடம் நமக்கு மட்டும் தெரிந்ததா என்றால், இல்லை. சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம்.

இந்திய வேட்டை நாய்களுக்கு அந்தக் காலத்திலேயே வெளிநாட்டு மார்க்கெட் இருந்தது. கி.மு. 5-ம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸ், பாபிலோனை ஆண்ட பாரசீக கவர்னர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அந்த மனிதரிடம் இருந்த இந்திய நாய்களுக்குத் தீனி போடுவதற்காகவே நான்கு பெரிய கிராமங்களை ஒதுக்கிவிட்டார்களாம். அந்தக் கிராமங்களுக்கு வேறு வரியே கிடையாது. நாய்க்குச் சோறு போட்டால் போதும்!

தீனி போடுவது சரி... பராமரிப்பு? அதை எழுதிவைத்தவர் இன்னொருவர். பெயர் ஆரியன் - கி.பி. 2-ம் நூற்றாண்டுக்காரர். ரோமானியப் பேரரசில் கப்படோசியா மாகாணத்தின் கவர்னர். அலெக்ஸாண்டரின் படையெடுப்பைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி இவர் எழுதிவைத்ததுதான். 'இண்டிகா' என்று இந்தியாவைப் பற்றியே தனிப் புத்தகம் போட்டவர். அப்பேர்ப்பட்ட சரித்திராசிரியர், நடுவில் நேரம் ஒதுக்கி வேட்டை நாய் வளர்ப்பு பற்றியும் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதுவும் நம் சிப்பிப்பாறை மாதிரி, கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்களைப் பற்றி!

அதில் என்ன சொல்கிறார் தெரியுமா? நாயை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது வெளியே, சமதளமான திறந்தவெளிக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே அவிழ்த்துவிட வேண்டும். இயற்கை உபாதையைத் தீர்த்துக்கொள்ளட்டும், துள்ளட்டும், ஓடட்டும். அடுத்தது, தேய்த்துவிடுதல். குதிரைக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் நாய்க்கும் என்கிறார். உடம்பு முழுக்கக் கையால் அழுத்தித் தேய்த்தால் கை கால் உறுதிப்படும், ரோமம் மிருதுவாகிப் பளபளக்கும், தோலில் உள்ள அழுக்குப் போகும். முதுகு, தொடை, விலா என்று எங்கே எப்படித் தேய்ப்பது என்றுகூட வரிசைப்படுத்தியிருக்கிறார். கடைசியில் விட்டதும் நாய் உடம்பை ஒரு உதறு உதறுமாம். தனக்குப் பிடித்திருந்தது என்று அது சொல்கிற விதம் அது! படுக்கை மெத்தென்று கதகதப்பாக இருக்க வேண்டும், மனிதர் பக்கத்தில் தூங்க வைத்தால் இன்னும் உத்தமம் என்பதும் அவருடைய யோசனைதான்.

இத்தனையும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அவரிடமே ஒரு நாய் இருந்தது. பூனைக்கண் மாதிரி வெளிறிய கண்கள். பெயர் ஹோர்மே. அவர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் கூடவே போய், அவர் முடிக்கிற வரை உட்கார்ந்திருக்கும். திரும்பும்போது முன்னால் ஓடி, அவர் வேறு வழியில் திரும்பிவிட்டாரா என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கும். இப்படி ஒரு நாய் எனக்கு இருந்தது என்று வருங்காலத்துக்குத் தெரியட்டும் என்றே அதன் பெயரை எழுதிவைத்தார் அந்த கவர்னர். இருபது நூற்றாண்டு ஆகப்போகிறது... பெயர் இருக்கிறது.

நம் ஊரிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது, காகிதத்தில் இல்லை, கல்லில். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர். 7-ம் நூற்றாண்டு, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல். தன் எருமைகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஒரு வீரனின் உருவம். அவன் காலடியில் ஒரு நாய். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர், இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காவல் காத்தது என்று கல்வெட்டே சொல்கிறது! எத்தனையோ மனிதர்களின் பெயர் காற்றோடு போய்விட்ட அந்த நூற்றாண்டிலிருந்து, ஒரு நாயின் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வேலை செய்த நாய்க்குத் தமிழன் கொடுத்த மரியாதை அது.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கூடவே அவர்களுடைய நாய்களும் வந்தன.

இங்கிலாந்தில் நரி வேட்டை என்பது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. சிவப்புக் கோட்டு, குதிரை, கொம்பு ஊதுதல், பின்னால் ஒரு பட்டாளமாக ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்கள். அது இல்லாமல் அவர்களுக்கு இங்கே பொழுது போகவில்லை. மெட்ராஸிலும் ஊட்டியிலும் 'ஹன்ட்' ஆரம்பித்தார்கள். அங்கத்து நரிக்குப் பதில் இங்கத்துக் குள்ளநரி. கப்பலில் நாய்களை இறக்கினார்கள். குளிர் தேசத்து நாய், மெட்ராஸ் வெயில்... கேட்கவா வேண்டும்?

நாய்களைப் பார்த்துக்கொள்ளவே பங்களாக்களில் தனி வேலைக்காரன் இருந்தான். 'டாக் பாய்' என்று உத்தியோகப் பெயர். நாய்களை நடத்திக்கொண்டு போவது, குளிப்பாட்டுவது, உண்ணி பொறுக்குவது அவன் வேலை. பங்களா வேலைக்காரர்களைப் பற்றி 'ஈஹா' என்ற புனைபெயரில் எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கென் 1889-ல் எழுதிய கிண்டல் புத்தகத்தில் இந்த டாக் பாய்க்குத் தனி அத்தியாயமே உண்டு. துரை வீட்டு நாய் ஆரோக்கியமாக இருந்தது என்றால், அதற்கான புண்ணியத்தில் பெரும்பங்கு இந்தப் பையனின் விரல்களுக்குப் போக வேண்டும்.

அந்த விரல்கள் எவ்வளவு முக்கியம் என்பது 1910-ல் மெட்ராஸில் தெரியவந்தது. வால்டர் ஸ்காட் பேட்டன் என்ற விஞ்ஞானி, 'மெட்ராஸ் ஹன்ட்' நாய்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களுக்குள் யாரும் அதுவரை விவரித்திராத ஓர் ஒட்டுண்ணி குடியிருந்தது. அடுத்து குள்ளநரிகளின் ரத்தத்தைப் பார்த்தார். அதிலும் அதே ஆசாமி! துரத்துகிறவனுக்கும் துரத்தப்படுகிறவனுக்கும் ஒரே ஒட்டுண்ணி. இன்று அதன் பெயர் பபீசியா கிப்சோனி. உலகம் முழுக்க நாய் டாக்டர்களுக்குத் தெரிந்த இந்தக் கிருமி, விஞ்ஞானத்துக்கு முதன்முதலில் அறிமுகமானது நம் மெட்ராஸ் நாய்களின் ரத்தத்திலிருந்துதான்.

இதைப் பரப்புவது உண்ணி. நாய்க்குக் காய்ச்சல் வரும், ஈறு வெளுக்கும், சோர்ந்து படுத்துவிடும், கவனிக்காவிட்டால் உயிரே போகும். உண்ணி கொண்டுவருகிற இன்னொரு நோய் எர்லிக்கியா. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் தன்னுடைய நாய்கள் நூற்றுக்கும் மேல் இந்த நோயில் பறிகொடுத்தது. ஹெலிகாப்டரும் நாபாம் குண்டும் வைத்திருந்த ராணுவத்தை மிளகளவு உண்ணி ஜெயித்தது! இதையெல்லாம் படிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து நாய்க் காதைத் திருப்பிப் பார்த்த நம் பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். அவருக்குக் கிருமியின் பெயர் தெரியாது. ஆனால், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

கரிசல் நாய்களின் கதை திசை திரும்பியது 1972-ல். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிடி வருஷத்துக்கு வருஷம் இறுகியது. இன்று காட்டு முயலை நாயை விட்டுப் பிடிப்பது குற்றம். சரியான சட்டம்தான், சந்தேகமே இல்லை. இருந்த கொஞ்சநஞ்ச வனவிலங்குகளையும் நாம் தின்று தீர்த்திருப்போம். ஆனால், சட்டம் முயலைக் காப்பாற்றியபோது நாயின் வேலை போனது. வேலை போனதும் மவுசு போனது. அல்சேஷனும் பொமரேனியனும் தெருவுக்குத் தெரு வந்தபோது, 'நாட்டு நாய்தானே' என்று சொந்த ஊரிலேயே இவற்றை ஒதுக்கினார்கள்.

பிறகு காற்று மறுபடி மாறியது. 2005 ஜனவரி 9 அன்று இந்திய தபால் துறை நம் நாட்டு நாய்களுக்காக நான்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. அதில் ஒன்றில் ராஜபாளையம்! 2017-ல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் மோடி தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால், மவுசோடு கூடவே ஒரு வம்பும் வந்தது. குட்டி வாங்குகிறவர்கள் இனத்தை வாங்கினார்கள். அந்த இனம் வாழ்ந்த வாழ்க்கையை யாரும் வாங்கவில்லை. ராஜபாளையம் என்றால் அப்பழுக்கில்லாத வெள்ளை வேண்டும், மூக்கு ரோஸ் கலரில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. உடம்புக்கு நிறம் தருகிற செல்கள் உட்காதுக்குள்ளும் இருக்கின்றன. காது கேட்பதற்கு அவை தேவை. அவை இல்லாமல் போனால் குட்டி செவிடாகிறது. டால்மேஷியன் நாய்க்கும் இதே பிரச்னைதான். கூப்பிட்டால் திரும்பாத குட்டியைத் 'திமிர் பிடிச்சது' என்று அடிக்கிறவர்கள், முதலில் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு கைதட்டித் பார்க்கட்டும்.

சரி, வாங்கியாகிவிட்டது. இப்போது என்ன செய்யலாம்? முயல் வேட்டை முடியாது. ஓட்டத்தை அதற்குத் திருப்பிக் கொடுக்க முடியும்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நடை, பொழுது சாய்ந்தபின் ஒரு நடை. குறைந்தது இந்த இரண்டாவது வேண்டும். ஆரியன் சொன்ன நான்கில் பாதி! நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். தார் ரோட்டில் உங்கள் புறங்கையைச் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. வாரத்தில் சில நாளாவது வேலி அடைத்த ஒரு மைதானத்தில் அவிழ்த்துவிட்டு முழு வேகத்தில் ஓட விட வேண்டும். வேலி முக்கியம். பூனை ஓடினாலும் பாலித்தீன் பை பறந்தாலும் பின்னாலேயே பாய்கிற ரத்தம் அது. நீங்கள் கூப்பிடுவதெல்லாம் காதில் விழாது. ஒரு நிமிஷம் பறந்துவிட்டு அப்புறம் மணிக்கணக்கில் தூங்கும். அதுதான் அதன் சுபாவம். சாப்பிட்ட கையோடு மட்டும் ஓடவிடாதீர்கள். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்கிற ஆபத்து அதிகம். அது சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும்.

தினமும் பத்து நிமிஷம் கையால் தேய்த்துவிடுங்கள். ரப்பர் பிரஷ் இருந்தால் நல்லது, ஈரத் துணி இருந்தாலும் போதும். குட்டை ரோமத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய் அரிப்புதான் மிஞ்சும். தேய்க்கிற சாக்கில் காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரலிடுக்கில் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். உதட்டைத் தூக்கி ஈறு ரோஸாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். நகம் தரையில் தட்டுகிறதா என்று கேளுங்கள். தட்டினால் இரண்டு அர்த்தம்: நகம் வெட்ட வேண்டும், நாய் போதிய அளவு நடக்கவில்லை. படுக்க ஒரு சாக்காவது போடுங்கள். அதன் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் கொழுப்பு மெத்தை கிடையாது. விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் பட்டினி என்று பதறி நெய்ச்சோறு ஊட்டாதீர்கள். இந்த ஜாதிக்கு அதுதான் அழகு, அதுதான் ஆரோக்கியம்.

இதற்கெல்லாம் நேரமே இல்லை என்கிறீர்களா? தப்பே இல்லை. அப்படியானால் ராஜபாளையம் வேண்டாம், சிப்பிப்பாறை வேண்டாம். நேர்மையாக அந்த முடிவை எடுப்பதும் அந்த நாய்க்குச் செய்கிற உபகாரம்தான்.

திருவேங்கடத்தைச் சுற்றி இன்றும் அறுப்பு முடிந்த கரிசல் காடு அப்படியே விரிந்து கிடக்கிறது. அந்த மண்ணுக்காகவே உருவான கால்கள், நாலாவது மாடியில் அரை வட்டம் போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தப் பால்கனியில் மாட்டியிருக்கிற கொக்கியிலிருந்து சங்கிலியை ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கழற்றிப் பாருங்கள். அந்த 'முரட்டு ஜாதி' உங்களுக்கு முன்னால் நாலடி ஓடும். அப்புறம் நின்று, நீங்கள் வருகிறீர்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

ஹோர்மேயும் அப்படித்தான் பார்த்தது.